ஐந்து நிமிட வேலைக்குக் கார் சீட்டைத் தூக்காதீர்கள்

மருந்துக்கடை, ஏடிஎம் என்று இறங்கும்போதெல்லாம் குழந்தையைக் கார் சீட்டோடு (காரில் குழந்தைக்கென்று பொருத்தும், கழற்றித் தூக்கக்கூடிய இருக்கை) தூக்கிப் பார்த்தேன். சீட் மட்டுமே 4 கிலோ; 6 கிலோ குழந்தையும் சேர்ந்தால் 10. ஒரே கையில் தொங்கினால் இடுப்பு ஒரு பக்கம் சாயும், சீட் தொடையில் இடித்துக்கொண்டே வரும். இப்போது சீட் காரிலேயே இருக்கிறது. இறங்கினால், ஒரு தோளில் மாட்டிக் குழந்தையை உடம்போடு சுமக்கும், இரட்டை வளையம் வைத்த துணித் தூளிதான்.

நீளத் துணியைச் சுற்றிக் கட்டும் வகை இதற்கு ஒத்துவராது. முனை பார்க்கிங் தரையில் புரளும். வளையத்தில் துணியை வீட்டிலேயே கோத்துவிடுவேன். இறங்கியதும் முதலில் தூளியை மாட்டி, வளையம் காறையெலும்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தையின் பெல்ட்டைக் கழற்றுவது. வளையம் இன்னும் தாழ்ந்திருந்தால் இழுத்து இறுக்க இடமிருக்காது.

குழந்தையை நிமிர்த்தி நெஞ்சோடு வைத்து, துணியின் கீழ் விளிம்பை ஒரு முழங்காலின் பின்குழியிலிருந்து மறு குழி வரை விரிக்க வேண்டும். பிட்டத்தைவிட முழங்கால் உயரமாக இருக்கணும். வளையத்திலிருந்து தொங்கும் துணியை மொத்தமாகப் பிடித்து இழுத்தால் நடுப்பகுதி மட்டும் இறுகும். மேல் விளிம்பு தொளதொளவென்று நின்று தலை பின்னால் சாயும். தொங்கும் துணியில் அந்த மேல் விளிம்பை மட்டும் பிடித்துத் தனியாக இழுங்கள். மோவாய்க்கும் மார்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையணும். மூக்கும் வாயும் எப்போதும் கண்ணில் படணும்.

வண்டி நகர்ந்தால் குழந்தை சீட்டில்தான், அடுத்த தெருவுக்கே போனாலும்.