முதலில் ஒரு பொருளைப் பிடியுங்கள்

"அருங்காட்சியக வேலையும் வேண்டும், ஓவியத்தையும் விடக்கூடாது, ஆய்வும் செய்யணும், மக்களோடும் இருக்கணும். எதில் தொடங்குவது?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் எந்தப் பட்டப் படிப்பின் பெயரையும் சொல்வதில்லை. ஒரு பொருளைப் பிடியுங்கள் என்றுதான் சொல்வேன். எனக்கு அமைந்தது துணியில் அச்சடிக்கும் ஒரு பழைய மரக்கட்டை. நானும் மரத்தில் செதுக்கி அச்செடுப்பவன் என்பதால் கை தானாக அதனிடம் போனது.

பொருளின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரையுங்கள். பென்சில் மட்டும், பேனா மை சிந்தினால் போகாது. முப்பது படம் எடுத்தும் என் கண்ணில் படாதது, வரையும்போது பட்டது: ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. ஏன்? ஆய்வுக் கேள்வி அப்படித்தான் கிடைக்கும்.

அப்புறம் அருங்காட்சியகத்தின் பதிவேடு. 1987.12.3 என்பது போன்ற எண்ணைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். 1987இல் வந்த பன்னிரண்டாவது தொகுப்பில் மூன்றாவது பொருள் என்று அர்த்தம். யார் கொடுத்தார், எப்படி வந்தது என்ற கட்டங்கள் காலியாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிக் கதை அங்கேதான் விடுபட்டிருக்கும்.

மக்களிடம் போவதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நான் தள்ளினேன். கண்காட்சி திறந்து இரண்டு மாதம் கழித்து வந்த ஒரு முதிய அச்சுத் தொழிலாளி, "தம்பி, கட்டையைத் தலைகீழாக வைத்திருக்கிறாயே" என்றார். விளிம்பு ஏன் தேய்ந்தது என்பதையும் வெறுங்கையை ஆட்டிக் காட்டிவிட்டார். இப்போதெல்லாம் விளக்க அட்டை அச்சுக்குப் போகும் முன்பே அவரைப் போன்றவர்களிடம் படித்துக் காட்டுகிறேன். அவர்கள் செலவிடும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுமுன் சம்மதம் கேளுங்கள். பெயர் போடலாமா என்றும் கேளுங்கள். பதிவின் ஒரு பிரதி அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

அட்டை எழுபது சொல்லுக்குள் நிற்கட்டும். என் முதல் அட்டை 240 சொல். நானே நின்று படிக்கவில்லை.

வெளிச்சத்தில் பிடிவாதமாக இருங்கள். காகிதம், சாயத்துணி போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது பரவலான வழக்கம். வெளிச்சத்தால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது.

சிக்கலான இடம் உங்கள் சொந்தப் படைப்பு. நீங்கள் பொருள்களைத் தேர்ந்து அமைக்கும் கண்காட்சியில் உங்கள் படத்தை நீங்களே மாட்டாதீர்கள். அமெரிக்கக் கலைஞர் பிரெட் வில்சன் 1992இல் அந்நாட்டின் மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பிலிருந்தே வெள்ளிப் பாத்திரங்களையும் அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்குகளையும் எடுத்து ஒரே பேழையில் வைத்தார். பொருளைத் தேர்ந்து அடுக்குவதே அங்கே கலையானது. ஆனால் அவர் அங்கு அழைக்கப்பட்ட கலைஞர். மார்கரெட் பரோஸ் வேறு வழியில் போனார். லினோ அச்சும் (லினோலியத் தகட்டில் செதுக்கி எடுப்பது) கவிதையும் ஆசிரியர் வேலையுமாக இருந்தவர், 1961இல் சிகாகோவில் தன் வீட்டிலேயே ஓர் அருங்காட்சியகத்தைக் கூட்டாகத் தொடங்கினார்.

வாரத்தில் பெரும்பகுதி மின்னஞ்சலிலும் இரவல் படிவத்திலும் கரைந்துவிடும். படம் போட ஒரு காலைப்பொழுதை நாள் குறித்து ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் முதலில் போவது அதுதான். அச்சடித்த கையோடு நேராகச் சேமிப்பறைக்குள் போய்விடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் மை ஒட்டியிருக்கும்.