பழைய எம்எக்ஸ்-5: பின் சஸ்பென்ஷனை வீட்டிலேயே புதுப்பிக்க

என் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பின் சஸ்பென்ஷனைக் கழற்றியபோது பாதி நேரத்தைத் தின்றது ஒரே ஒரு போல்ட்தான்: கீழ் ஆர்மின் (சக்கரப் பகுதியைக் காரின் உடலோடு இணைக்கும் கை) வெளி முனையில் ஊடுருவிப் போகும் நீள போல்ட். அது புஷ்ஷின் (ஆர்மின் மூட்டில் அமரும் ரப்பர் உறை) இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். இரண்டு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். நட்டை முழுதாகக் கழற்றாமல், போல்ட் முனையோடு சமமாக நிறுத்தித் தட்டினால் மரை நசுங்காது. அப்படியும் அசையவில்லையா, அறுத்துவிடுங்கள்.

ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். கீழ் ஆர்மின் உள் முனையில் இருப்பவை சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்யும் கேம் போல்ட்கள். கழற்றுமுன் அவற்றின் நிலையைப் பெயின்டால் குறியுங்கள். ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரால் அழுத்திய பிறகே ஷாக் அப்சார்பரின் மேல் நட்டைத் தொடுங்கள்.

பழைய புஷ்ஷை வைஸில் இரண்டு சாக்கெட் வைத்து அழுத்தி வெளியேற்றினேன். எரித்து எடுப்பவர்களும் உண்டு. அந்தப் புகை வேண்டாம்.

புது ரப்பர் புஷ் போட்டதும் போல்ட்களை லேசாக மட்டும் முடுக்குங்கள். காரின் எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். ஆர்ம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். அப்புறம் நேராக வீல் அலைன்மென்ட்.