புதிய வேலையில் முதல் ஆறு மாதங்கள்: மனத்தாங்கலையும் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தையும் சமாளிப்பது எப்படி

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே மூத்தவர் ஒருவரோடு மனத்தாங்கல் வந்துவிட்டால், இந்த வேலை நிலைக்காது என்ற எண்ணமும் அன்று இரவே வந்து சேர்ந்துவிடுகிறது. மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் அலுவலகத்தில் வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் பார்க்கும் வேலையில் இருப்பதால், இப்படித் தூக்கமிழந்து வந்து நிற்கும் புதியவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சண்டை வேறு, வேலை போவது வேறு என்பதைத்தான் அவர்களிடம் முதலில் சொல்வேன். மூத்தவரின் கோபத்தால் வேலை இழந்தவர்கள் நான் பார்த்தவரை சிலரே. ஆர்டர் குறைந்தோ, சீசன் முடிந்தோ, முதலாளியின் பணம் எங்கோ முடங்கியோ வேலை இழந்தவர்கள் பலர். முன்னதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும். பின்னதற்கு வேண்டியவை கையில் உரிய ஆவணங்களும் இரண்டு மாதச் செலவுக்கான பணமும்.

சேரும் நாளில்

சம்பளம் எவ்வளவு என்று கேட்கத் தயங்காத பலர், நியமனக் கடிதம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் கடிதத்தைத் தருவது நிர்வாகத்தின் கடமை. தகுதிகாண் காலம் (புரொபேஷன்) எத்தனை மாதம், அது தானாக முடியுமா அல்லது எழுத்தில் உறுதிசெய்தால்தான் முடியுமா, விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற மூன்றையும் நிதானமாகப் படியுங்கள். சிறிய கடைகளில் கடிதம் கிடைக்காமல் போகலாம். அங்கே, ‘ஐயா, இன்று முதல் மாதம் இவ்வளவு சம்பளத்தில் வேலைக்கு வந்துவிட்டேன், நன்றி’ என்று முதலாளிக்கு மரியாதையாக ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி வைத்தால், சேர்ந்த தேதிக்கு அதுவே சான்றாக நிற்கும். தெற்குமாசி வீதி, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் தீபாவளிக்கு முன்பு சேருபவர், பொங்கலுக்குப் பிறகும் வேலை உண்டா என்பதை அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. சீசன் ஆள் என்று தெரிந்து சேர்வதற்கும், தெரியாமல் சேர்ந்து ஏமாறுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் மறையவில்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதை ஈடாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. சரிபார்ப்பதற்கு அசலைக் காட்டிவிட்டு, கையெழுத்திட்ட நகலை மட்டும் கொடுங்கள். வேறு வழியே இல்லாமல் அசலைக் கொடுக்க நேர்ந்தால், எந்தெந்தச் சான்றிதழ் என்று எண்ணோடு குறிப்பிட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். வெள்ளைத் தாளிலோ தேதி போடாத ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்திடுவது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

முதல் வாரத்தில் ‘தம்பிக்கு எந்த ஊரு?’ என்ற கேள்வி வரும். பேரையூர், மேலூர் என்று ஊரைச் சொன்னதும், ‘ஊருக்குள்ள எந்தத் தெரு?’ என்று அடுத்த கேள்வி வரும். அதைக் கேட்பது எதற்காக என்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ‘பஸ் ஸ்டாண்டுப் பக்கந்தாண்ணே’ என்று நிறுத்திக்கொண்டு, உடனே வேலையைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டுவிடுவது என் வழக்கம். இன்னார் கூட்டத்து ஆள் என்ற முத்திரை தொடக்கத்திலேயே விழுந்துவிட்டால், பின்னால் நமக்குச் சம்பந்தமே இல்லாத சண்டைகளிலும் நாம் ஒரு தரப்பாகிவிடுவோம். மாமா சொல்லியோ சித்தப்பா சொல்லியோ கிடைத்த வேலையாக இருந்தால், அலுவலகத்து வருத்தத்தை அவரிடம் கொண்டுபோகவே கூடாது. அவர் முதலாளிக்குப் போன் செய்வார், முதலாளி மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்பார், மறுநாள் காலையில் நீங்கள் ‘போட்டுக்கொடுத்தவர்’ ஆகியிருப்பீர்கள்.

மூத்தவரோடு மனத்தாங்கல் வந்தால்

என் முதல் வேலை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகை மண்டியில். மூன்றாவது மாதம் அரையாண்டு இருப்பெடுத்தபோது துவரம் பருப்பில் ஆறு மூட்டை குறைந்தது. மூத்த கணக்கர், முதலாளியும் சுமை தூக்குபவர்களும் நிற்கும்போதே, ‘புதுப் பையன் கணக்குலதான் ஓட்டை’ என்று சொல்லிவிட்டார். எனக்குக் கை நடுங்கியது. அன்று இரவு தனியாக உட்கார்ந்து, பருப்புத் தூசி படிந்த ரசீதுக் கம்பியிலிருந்து லாரி ரசீதுகளை ஒவ்வொன்றாக உருவி, சரக்கு வரவுப் பேரேட்டோடு ஒப்பிட்டேன். ஒரு ரசீதில் 50 மூட்டை என்று இருந்தது. கார்பன் நகலில் பூஜ்ஜியத்தின் தலையில் மை இழுபட்டு 56 போலத் தெரிந்ததால், பேரேட்டில் 56 என்றே ஏறியிருந்தது. தேதியோ நான் சேருவதற்கு இரண்டு வாரம் முந்தையது. கையெழுத்து அந்தக் கணக்கருடையது.

காலையில் அந்த ரசீதைக் கல்லா மேசையின்மீது எல்லோரும் பார்க்க விரித்து வைத்தேன். முதலாளி, ‘சரிப்பா, வேலையப் பாருங்க’ என்று முடித்துக்கொண்டார். விற்பனை வரிக் கணக்குப் போடும் முறையை எனக்குக் கற்றுத்தர வேண்டியிருந்த அந்த மனிதர், அதன்பின் நான்கு மாதம் என்னிடம் வாய் திறக்கவில்லை. குற்றச்சாட்டு நீங்கிவிட்டது, தொழில் கற்கும் வழி அடைபட்டுவிட்டது. அன்று நான் கடை திறக்குமுன் அவரிடம் தனியாகப் போய், ‘அண்ணே, இந்த வரியில 56-ன்னு இருக்கு, ரசீதுல 50 மாதிரி தெரியுது, நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கண்ணே’ என்று கேட்டிருக்க வேண்டும். அவரே முதலாளியிடம் சொல்லியிருந்தால் நல்லது. சொல்ல மறுத்திருந்தால், மறுநாள் நான் ரசீதை எடுத்துக்கொண்டு போக அப்போதும் வழி இருந்தது.

ஆகவே பலர் முன்னிலையில் உங்கள்மீது பழி விழும்போது, ‘நான் இல்லை’ என்று மறுத்துக்கொண்டிருக்காமல், ‘பாத்துட்டுக் காலையில சொல்றேண்ணே’ என்பதோடு நிறுத்துங்கள். பிறகு தாளோடு, தனியாக, ஆளைப் பற்றிப் பேசாமல் அந்த வரியைப் பற்றி மட்டும் பேசுங்கள். தவறு உங்களுடையதென்றால், பிறர் கண்டுபிடிக்குமுன் நீங்களே போய்ச் சொல்லிவிடுவது மேல். யார், எப்போது, என்ன வேலை சொன்னார்கள் என்று அன்றாடம் நான்கு வரி எழுதும் ஒரு சிறிய நோட்டு உங்கள் பையில் இருக்கட்டும். அதை அலுவலகக் கணினியில் எழுதி வைக்காதீர்கள்.

குடும்பத்தார் நடத்தும் நிறுவனங்களில் இன்னொரு தொல்லை உண்டு. பெரிய முதலாளி சொன்னதைச் சின்ன முதலாளி மாற்றிச் சொல்வார். இருவரும் வீட்டில் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். அடி புதியவர்மீது விழும். இங்கே யார் பெரியவர் என்று தீர்மானிப்பது உங்கள் வேலையன்று. ‘காலையில் ஐயா திருமங்கலம் லோடை முதலில் அனுப்பச் சொன்னார், இப்போது நீங்கள் மேலூர் லோடைச் சொல்கிறீர்கள், எதை முதலில் ஏற்றட்டும்?’ என்று இருவருக்கும் ஒரே செய்தியாக அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை இரண்டுக்கும் பொதுவான வேலையைப் பாருங்கள்.

சில சண்டைகளை வேண்டுமென்றே தோற்கலாம். மின்விசிறிக்குக் கீழ் உள்ள இருக்கையும், அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் விடுப்பும் மூத்தவர்களுக்கே போகும். முதல் ஆண்டு விட்டுக்கொடுங்கள். ‘அடுத்த வருஷம் எனக்குண்ணே’ என்று மட்டும் அப்போதே சொல்லி வையுங்கள்.

சாதியைச் சொல்லித் திட்டுவதும் பாலியல் தொல்லையும் மனத்தாங்கல் வகையில் சேராதவை. அவற்றுக்கு மேலே சொன்ன பணிவு எதுவும் பொருந்தாது. பணியிடப் பாலியல் தொல்லையிலிருந்து பெண்களைக் காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடமென்றாலும், புகார் முதலாளிமீதே என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் செல்லலாம். நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும்.

வேலை உண்மையிலேயே ஆட்டம் காண்கிறதா

மேலாளர் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை என்பதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். அவர் வீட்டில் என்ன நடந்ததோ. சம்பளப் பட்டியல் போடுபவன் என்ற முறையில் நான் கவனிக்கும் அறிகுறிகள் வேறு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்பது சட்டம். அது 10, 15 என்று தள்ளிப்போகத் தொடங்கினால் கவனியுங்கள். சம்பளச் சீட்டில் வருங்கால வைப்பு நிதி பிடித்ததாக இருந்து, உமாங் என்ற அரசுச் செயலியில் உங்கள் வைப்பு நிதிப் பாஸ்புக்கில் இரண்டு மூன்று மாதம் அந்தத் தொகை ஏறாமல் இருந்தால், நிறுவனம் உங்கள் பணத்தை எடுத்துப் புழங்குகிறதோ என்று சந்தேகிக்கலாம். ஓவர்டைம் திடீரென நின்றுபோவதும், பாக்கி கேட்டுச் சரக்கு கொடுத்தவர்கள் வாசலில் காத்திருப்பதும், விலகியவரின் இடத்துக்கு ஆள் எடுக்காமல் இருப்பதும் இதே வரிசையில் வரும். இவற்றில் இரண்டு சேர்ந்து தென்பட்டால், சத்தமில்லாமல் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது. வேலை உறுதியாகும்வரை பைக்குக்குத் தவணை வேண்டாம், பெரிய சீட்டு வேண்டாம், முதலாளியிடம் முன்பணம் வேண்டவே வேண்டாம். முன்பணம் வாங்கியவர் அவமானப்பட்டாலும் விலக முடியாமல் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அறை வாடகையும் சாப்பாடும் இரண்டு மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்துவிட்டால், மேலாளரின் குரல் உயரும்போது நெஞ்சு படபடப்பது பாதியாகக் குறைந்துவிடும்.

கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்பவருக்கு ஆறு மாதம் என்பது ஒரு எல்லைக்கோடு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-இன்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. ஒழுங்கீனம் என்று காரணம் சொன்னால், விசாரணை நடத்தி அதை மெய்ப்பித்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். ‘நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிடு’ என்று ராஜினாமா கேட்பது பெரும்பாலும் இந்தப் பிரிவைத் தாண்டுவதற்காகத்தான். எழுதிக் கொடுத்துவிட்டால் நீங்களாக விலகியதாக ஆகிவிடும். அந்த நேரத்தில், ‘வீட்டுல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் சார்’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

விலக நேர்ந்தால்

கோபத்தில் ஒரே நாளில் நின்றுவிடாமல், முன்னறிவிப்புக் காலத்தை முடித்துவிட்டு விலகுங்கள். விலகினாலும் விலக்கப்பட்டாலும், சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு கூறுகிறது. பணி விடுவிப்புக் கடிதமும் அசல் சான்றிதழும் கைக்கு வந்தபின் நிர்வாகம் நீட்டும் மற்ற தாள்களில் கையெழுத்திடுங்கள். வைப்பு நிதிக் கணக்கில் நீங்கள் விலகிய தேதியை நிறுவனம் பதிவுசெய்ததா என்று பாருங்கள்; பதிவுசெய்யாவிட்டால், கடைசியாகப் பணம் செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, யூ.ஏ.என். எனப்படும் பன்னிரண்டு இலக்க வைப்பு நிதிக் கணக்கு எண்ணைக் கொண்டு வைப்பு நிதி இணையதளத்தில் நீங்களே அதைப் பதிந்துகொள்ளலாம்.