சீட்டை எண்ணாதீர்கள், இரண்டாம் வரவை எண்ணுங்கள்: மருத்துவ இணைப்புத் திட்டத்தை மதிப்பிடும் முறை

கொழும்பில் காப்புறுதி இல்லாதவருக்கு வைத்தியமே இல்லையென்று சொல்ல முடியாது. அரச ஆஸ்பத்திரியில் டாக்டரைக் காண்பதற்கும் வார்ட்டில் தங்குவதற்கும் காசு கட்டத் தேவையில்லை. மாநகர சபையின் இலவச மருந்தகங்களும் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் ஆட்களை நிறுத்தி வைப்பவை வேறு: அன்றைய கூலி போய்விடும், டெஸ்டை வெளியே எடுக்கச் சொல்வார்கள், எந்தக் கிளினிக் எந்த நாளில் என்று தெரியாது, போர்டை வாசிக்க வராது. மருத்துவ இணைப்புத் திட்டம் என்பது, தொண்டர்கள் இப்படிப்பட்டவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வேலை. இந்தத் தடைகளைத் திட்டம் தாண்ட வைத்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் பதிவேட்டைச் சரி செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் சீட்டுக் கொடுத்த திகதி, வயது, பேசும் மொழி, வருத்தம், அனுப்பிய இடம், கிளினிக் நாள், சொந்த போன் இலக்கம், அதோடு பக்கத்து வீட்டாரின் இலக்கம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் பாதிப் பேரைத் தேட முடியாமல் போகலாம். சிம் மாறும், வாடகை வீடு மாறும்.

பிறகு படிகளைப் பிரியுங்கள். உதாரணத்துக்கு 200 பேருக்குச் சீட்டு. 130 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 70 பேர் இரண்டாம் தடவையும் போனார்கள். திட்டத்தின் பெறுபேறு 35 சதவீதம். போனவர்களை மட்டும் அடியெண்ணாக வைத்து 54 சதவீதம் என்று எழுதுவது அறிக்கைகளில் சர்வசாதாரணம்; அது கண்கட்டு வித்தை. போன் வேலை செய்யாதவரையும் கணக்கிலிருந்து கழிக்காதீர்கள்.

வாய்வார்த்தை ஆதாரமாகாது. சீட்டுத் தந்த தொண்டரே வந்து கேட்டால், முகத்துக்காக "போனேன் மகள்" என்றுதான் சொல்வார்கள். வேறொருவரை அனுப்பி, கிளினிக் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள்: அடுத்த வரவின் திகதி, எழுதிய மருந்து, அந்தத் திகதியிலோ அதற்குப் பிறகோ இன்னொரு பதிவு. சீனி வருத்தம், பிரெஷர் இரண்டுக்கும் இந்த மூன்றாவதுதான் முக்கியம். மருந்து முடிந்ததும் திரும்பிப் போகாதவர் இணைக்கப்பட்டவர் அல்லர்.

200 பேர் வரையென்றால் எல்லாரையும் தேடுங்கள். 1,000 பேரென்றால் பதிவேட்டில் ஒவ்வொரு பத்தாமவர். ஆட்களைத் தெரிவு செய்வதைத் தொண்டரிடம் விட்டால் நன்றாக இருப்பவர்களிடமே கூட்டிப் போவார். இப்படி மாதிரியாக எடுத்த 100 பேரில் 35 சதவீதம் என்று வந்தால், எல்லாரையும் சேர்த்த உண்மை ஏறத்தாழ 26க்கும் 44க்கும் நடுவில் இருக்கலாம். இரண்டு வட்டாரங்களின் சிறு வித்தியாசத்தை வைத்து யாரையும் பாராட்டவோ ஏசவோ வேண்டாம். வீட்டுக்குப் போவது மாலை ஆறுக்குப் பிறகு அல்லது ஞாயிறு. பகலில் போனால் நாட்கூலிக்காரர் முழுப்பேரும் விடுபட்டு, வீட்டிலிருப்போரின் கதை மட்டும் மிஞ்சும்.

போகாதவரிடம் "ஏன் போகவில்லை" என்று கேட்டால் "நேரமில்லை" என்பார். "எதுவரை போனீர்கள்?" என்று கேளுங்கள். வாசலிலா, நம்பர் எடுக்கும் வரிசையிலா, லேப் துண்டைக் கையில் வாங்கிய பிறகா? பதிலோடு திருத்த வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

பிரெஷர் இறங்கியதைக் காட்டிப் பெருமைப்படுவதில் ஒரு பொறி உண்டு. மருத்துவ முகாமில் பிரெஷர் கூடுதலாக இருந்தவர்களை மட்டும் பொறுக்கி மறுபடி அளந்தால், எதுவும் செய்யாமலே சராசரி இறங்கும். அன்று தற்செயலாக ஏறியிருந்தவர்களும் அதில் அடங்குவார்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து இரு தடவை அளந்து, வேறொரு நாளிலும் அளந்த பிறகே தொடக்க எண்ணை எழுதுங்கள். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியைக் காட்டுவது. மூன்று மாதம் ஆவதற்குள் அதைத் திரும்ப எடுப்பது வீண் செலவு.

செலவையும் இரண்டாம் வரவால் வகுங்கள். 6 லட்சம் ரூபாவை 200 சீட்டால் வகுத்தால் ஆளுக்கு 3,000. 70 பேரால் வகுத்தால் ஏறத்தாழ 8,570. தொண்டரின் ஓட்டோக் காசையும் சேர்க்க வேண்டும்.

கொப்பியைப் படமெடுக்காதீர்கள், தேவையானதைக் குறித்தால் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் விசேட வகைக்குள் வருகிறது. சம்மதத்தை நோயாளிக்குப் புரிந்த மொழியில் வாங்குங்கள். ஒரே ஒழுங்கையில் இரண்டு பேருக்குத்தான் காசநோய் என்றால், ஒழுங்கையின் பெயரை அறிக்கையில் போடாதீர்கள்.