"நான் குறூப்பில் போட்டேனே!"

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். மட்டக்களப்புக் கார்த்திகை மழையைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் எது வீதி, எது வயல் என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். நான் அப்போது வேலை செய்த சிறிய நிறுவனத்திலிருந்து தறப்பாளும் பாயும் ஏற்றிய இரண்டு உழவு இயந்திரங்கள் இரண்டு ஊர்களுக்குப் போக வேண்டும். மத்தியானம் பார்த்தால் இரண்டும் ஒரே பாடசாலை வாசலில் நேருக்கு நேர் நின்றன. மற்ற ஊரில் சனம் பின்னேரம் வரை காத்திருந்தது.

பிறகு உட்கார்ந்து வட்ஸ்அப்பை மேலே தள்ளித் தள்ளித் தேடினோம். காலை 6.40க்கு இணைப்பாளர் ஒரு வொய்ஸ் போட்டிருந்தார், மூன்றரை நிமிடம். முதல் இரண்டு நிமிடமும் மழை, பாலம், யாருக்கோ காய்ச்சல். கடைசியில்தான், "தம்பிமார், நீங்க ரெண்டு பேரும் ஊரை மாத்திக்கொள்ளுங்க" என்று விஷயம் வருகிறது. ஒரு தம்பி கடைசி வரை கேட்டுவிட்டு ஊரை மாற்றிக்கொண்டார். மற்றவர் இயந்திரச் சத்தத்துக்குள் பாதியில் விட்டுவிட்டார். கீழே நான்கு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் அன்றைக்கு லீவு.

"நான் குறூப்பில் போட்டேனே!" என்றார் இணைப்பாளர். பாவம், அவர் சொன்னது பொய் இல்லை.

இதே வசனத்தைக் கல்முனையில் கேட்டிருக்கிறேன், ஏறாவூரில் கேட்டிருக்கிறேன், நானே பலமுறை சொல்லியும் இருக்கிறேன். குறூப்பில் போட்டுவிட்டால் ஒருவரிடம் சொல்லிவிட்டதாக நினைப்பதுதான் முதல் பிழை. முப்பது பேருக்குப் பொதுவாகச் சொன்ன வேலையை, மற்ற இருபத்தொன்பது பேரில் யாராவது செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பது இயல்பு. ஆகவே ஆளின் பெயரைப் போட்டு எழுதுங்கள். பெயரை டேக் செய்தால், குறூப்பை மியூட் செய்து வைத்திருப்பவருக்கும் பொதுவாக அறிவிப்பு போகும். பதிலுக்குக் கட்டைவிரலை ஏற்காதீர்கள். "நான் இந்த ஊருக்கு 8 மணிக்குப் போகிறேன்" என்று அவரே திருப்பி எழுதட்டும். முதலில் கொஞ்சம் பள்ளிக்கூடம் மாதிரித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும்.

வொய்ஸையே தடை செய்யச் சொல்கிற ஆட்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நனைந்த கையோடு வயல் வரம்பில் நிற்பவரிடம் தமிழில் டைப் பண்ணச் சொல்வது அநியாயம். விளக்கத்துக்கு வொய்ஸ் நல்லது. ஆனால் ஊர், நேரம், தொகை, ஆள் ஆகிய நான்கும் எழுத்தில் ஒரு வரியாகவாவது கீழே வர வேண்டும். வொய்ஸுக்குள் சொன்ன ஊர்ப்பெயரைத் தேடல் பெட்டியில் போட்டுத் தேட முடியாது. எழுத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் வெல்லாவெளியை ஆங்கில எழுத்தில் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி, மூன்றாமவர் தமிழில். மூன்று மாதம் கழித்துத் தேடுகிறவருக்கு மூன்றில் ஒன்றுதான் அகப்படும். ஊர்ப்பெயரை எப்படி எழுதுவது என்று முதலே பேசி வைத்துக்கொண்டால் எவ்வளவோ தலையிடி குறையும்.

அடுத்தது, முடிவுகளைப் பேச்சுக்குள்ளேயே விட்டுவிடுவது. வட்ஸ்அப்பில் ஒரு செய்தியை மேலேயே நிற்கும்படி பின் பண்ணலாம்தான். ஆனால் ஒரு குறூப்பில் மூன்று செய்திகளைத்தான் பின் பண்ணலாம், அதுவும் கூடினால் 30 நாட்களுக்கு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அவர் வருவதற்கு முன்னர் நடந்த பேச்சு முழுவதும் தெரியப்போவதில்லை. நாங்கள் கடைசியில் கூகுள் ஷீட் ஒன்றைத் திறந்தோம். திகதி, முடிவு, யார், எப்போதைக்குள் என்று நான்கு நிரல்கள், அவ்வளவுதான். பெரிய கண்டுபிடிப்பொன்றும் இல்லை, பழைய சீஆர் கொப்பியை, அதுதான் அந்தக் கெட்டி மட்டைப் பெரிய கொப்பியை, எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தோம். அதிலும் ஒரு பிழை விட்டோம். ஷீட்டைத் திறந்தது பயிற்சிக்கு வந்திருந்த தம்பி, தன் சொந்த ஜிமெயிலில். அவர் கட்டாருக்குப் போன பிறகு அனுமதி கேட்டு நாங்கள் அவருக்கு நடுச்சாமத்தில் கோல் எடுத்தோம். அலுவலகக் கணக்கில் திறவுங்கள். குறூப்புக்கும் குறைந்தது இரண்டு அட்மின் இருக்கட்டும். இருக்கிற ஒரே அட்மின் விலகினால், இன்னொருவரை வட்ஸ்அப் தானாகவே அட்மின் ஆக்கிவிடும். அது யாராகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் ஒழுங்கு விஷயம் என்று விட்டுவிடலாம். எனக்கு அதிகம் உறுத்துவது யோசனைகள் சாகிற விதம்.

எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் ஒரு தங்கச்சி, அதிகம் பேசாத ஆள். ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்குக் குறூப்பில் இப்படி எழுதினார்: "சேர், மார்கழியில் குடுக்கிற கன்றெல்லாம் பள்ளக் காணிகளில் தண்ணி நிண்டு அழுகிப் போகுது. தை கடைசியில் குடுத்தா என்ன?" வீட்டுத்தோட்டத் திட்டத்துக்கு வருடாவருடம் கன்று வாங்கி வருடாவருடம் அழுகவிட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, அந்த வருடம் கிடைத்த ஆகச் சிறந்த யோசனை அது. பணிப்பாளர் "நோட்டட்" என்று போட்டார். அடுத்த செய்தி, ஒருவரின் மகன் புலமைப்பரிசிலில் சித்தியடைந்த செய்தி. அதற்குப் பிறகு இருபத்தாறு வாழ்த்துகள், பூங்கொத்து, கேக். மறுநாள் காலையில் அந்த யோசனை எங்கே என்று தேடினால்தான் தெரியும். யாரும் தேடவில்லை. அடுத்த மார்கழியிலும் கன்று கொடுத்தோம். தங்கச்சி அதற்குப் பிறகு குறூப்பில் "ஓகே சேர்" தவிர வேறெதுவும் எழுதவில்லை.

பணிப்பாளரைக் குறை சொல்வது சுலபம். வாழ்த்து, சுற்றறிக்கை, லீவு, யோசனை எல்லாவற்றையும் ஒரே குழாயில் விட்ட பிழையில் எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. யோசனைக்கென்று தனிக் குறூப் ஒன்று வையுங்கள். 2022 கடைசியில் வட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்ற வசதி வந்தது. அதில் ஒரே அலுவலகத்துக்குள் பல குறூப்புகளைச் சேர்த்து வைக்கலாம். அந்தக் குறூப்பில் பெரியவர்கள் கடைசியில் பேச வேண்டும். சேர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யார் வாய் திறப்பார்? ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு கிழமைக்குள் பதில் வர வேண்டும். செய்து பார்ப்போம், இன்ன ஊரில், இன்ன திகதி வரை என்று சொல்லலாம். அல்லது வேண்டாம், காரணம் இது என்று சொல்லலாம். "நோட்டட்" இரண்டும் இல்லை.

மொழியும் இதில் சேர்த்திதான். அம்பாறை மாவட்டத்து அலுவலகங்களில் தமிழ், சிங்களம் பேசுகிறவர்கள் ஒரே குறூப்பில் இருப்பார்கள், பொது மொழி ஆங்கிலமாகிவிடும். அப்போது ஆங்கிலம் எழுதத் தெரிந்தவரின் யோசனைதான் யோசனையாகத் தெரியும். அவரவர் மொழியில் எழுதட்டும், மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் வேலை.

யோசனை உள்ளேயிருந்துதான் வரும் என்றும் இல்லை. மருதமுனைப் பக்கம் கைத்தறிச் சாரம் விற்கிற எனக்குத் தெரிந்த ஒருவரின் பேஸ்புக் பக்கத்துக்குப் பதில் போடுகிற பிள்ளை, "சின்னப் பிள்ளைகளுக்கு அளவு இருக்கா?" என்ற கேள்விக்குப் பல மாதமாக "இல்லை" என்று பதில் போட்டுக்கொண்டிருந்தார். நெய்கிறவர்களுக்கு அந்தக் கேள்வி போய்ச் சேரவே இல்லை. இன்பொக்ஸைக் கிழமைக்கு ஒரு தரம் தறியடிக்குக் கொண்டுபோனாலே போதும்.

புது அப்ளிகேஷன் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்பதும் ஒரு மயக்கம். அலுவலகப் பேச்சுக்கென்று பலர் வாங்குகிற ஸ்லாக் பிறந்த கதையே வேறு. கிளிட்ச் என்றொரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கிய கருவி அது. விளையாட்டு 2012இல் மூடப்பட்டது, கருவி பிழைத்துக்கொண்டது. தேவை முதலில் வந்தது, கருவி பிறகு வந்தது. எடுப்பதானால் நிபந்தனைகளைப் பார்த்து எடுங்கள். ஸ்லாக்கின் இலவசக் கணக்கில் கடைசி 90 நாள் பேச்சுத்தான் தெரியும், ஒரு வருடத்துக்கு மேல் பழையவை அழிக்கப்படும். பேஸ்புக் நிறுவனமே அலுவலகங்களுக்கென்று 2016இல் கொண்டுவந்த வேர்க்பிளேஸை மூடப்போவதாக 2024இல் அறிவித்தது. ஆவணத்தை அங்கே மட்டும் வைத்திருந்தவர்கள் அவசரமாக மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

இப்போது சொல்லப்போகும் பிழையைப் பிழை என்றே பலர் நினைப்பதில்லை. பயனாளிப் பட்டியலைப் படம் பிடித்துக் குறூப்பில் போடுவது. பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, தொலைபேசி, எல்லாம் ஒரே படத்தில். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த மூன்றோடு 500 கூட்டியிருக்கும். ஆக, இலக்கம் கிடைத்தால் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் கிடைத்துவிடும். தனியாக வாழ்கிற விதவைத் தாய்மார் பட்டியல் இப்படி யார் யாருடைய போனுக்கெல்லாம் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் நிறைவேறியிருக்கிறது, அதை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் மனச்சாட்சி என்று ஒன்று உண்டு. போட்டதை எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்கலாம்தானே என்று சொல்லாதீர்கள். அந்த வசதி இரண்டு நாள் சொச்சத்துக்குத்தான். அதற்குள் வேறிடத்துக்கு அனுப்பியது அனுப்பியதுதான். பட்டியல் அனுமதி பூட்டிய பைலில் இருக்கட்டும், குறூப்பில் இணைப்பு மட்டும் போகட்டும்.

இரவு பத்து மணிக்கு வேலை அனுப்புவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: அனுப்பாதீர்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரு அப்ளிகேஷனில் கட்டி வைப்பது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. இதில் 2019இல் குண்டு வெடித்த இடங்களில் எங்கள் நகரத்துச் சீயோன் தேவாலயமும் ஒன்று. யார் யார் பத்திரம் என்று ஒருவரையொருவர் விசாரிக்க வேண்டிய அந்த நேரத்தில், பாதிப் பேரின் இலக்கம் எங்கள் போனில் பெயரோடு இல்லை. அதுவரை எல்லாம் குறூப் வழியாகத்தான் நடந்திருந்தது.

இப்போது அலுவலகக் கதவின் பின்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பெயர், ஊர், இரண்டு தொலைபேசி இலக்கம். போன மழைக்குப் பிறகு மூன்று பேர் இலக்கம் மாற்றிவிட்டார்கள். குறூப்பில் போட்டிருக்கிறார்களாம். தாளில் இன்னும் ஏறவில்லை.