கைத்துப்பாக்கி வாங்குற நம்மாளுங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்பு

2021 செப்டம்பர்ல டெக்சாஸ்ல லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துட்டு வெளிய போகலாம்னு சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம் நான் போற துப்பாக்கி சுடுற ரேஞ்சுல தமிழ்ப் பேச்சு காதுல விழுறது ஜாஸ்தியாயிடுச்சு. கிரீன் கார்டு வந்தவங்க, சிட்டிசன் ஆனவங்க, வீட்டுப் பாதுகாப்புக்கு ஒண்ணு இருக்கட்டும்னு வாங்குறாங்க. போன சனிக்கிழமை பக்கத்து லேன்ல ஒரு தம்பி சுட்டுட்டு இருந்தாப்ல, பாக்கப் பாக்க எனக்கு மனசு கேக்கல, ஒன்பது வருஷம் முன்னாடி நான் பண்ணுன அதே தப்பு அப்படியே. ட்ரிகர்ல விரல் வைக்காதீங்க, ஆள் பக்கம் நீட்டாதீங்க இதெல்லாம் முதல் நாளே ரேஞ்சுல சொல்லிக் குடுத்துடுவாங்க, அதுக்குள்ள நான் போகல.

பெரிய தோட்டா வாங்கிட்டா போதும்னு நினைக்கிறது

இதுதான் இன்னைக்கும் எனக்குக் கோவம் வர்ற விஷயம். நான் முதல் துப்பாக்கி வாங்கப் போனப்ப கவுண்டர்ல இருந்தவர் ".40 எடுங்க, ஒண்ணு பட்டாலே ஆள் தூக்கி வீசப்பட்டுருவான்"னார். நம்பி, பாக்கெட்ல அடங்குற சைஸ்ல .40 வாங்கினேன் (.40ங்கிறது தோட்டாவோட அகலம், இன்ச்ல; 9எம்எம் அதவிடக் கொஞ்சம் சின்னது). அந்தக் குட்டித் துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில பிரம்பால அடிச்ச மாதிரி உதைக்கும், 20 ரவுண்டு தாண்டுனா கட்டைவிரல் அடி விண்ணு விண்ணுனு வலிக்கும், அதனாலயே ரேஞ்சுக்குப் போறத நிறுத்திட்டேன். ரெண்டு வருஷம் பெட்டில தூங்குச்சு.

தூக்கி வீசுறதுங்கிறது சினிமா. தோட்டா எவ்வளவு தள்ளுதோ அதே அளவு உதை சுடுறவன் கைக்கும் வருது, கையில வாங்குற நீங்க விழலைன்னா எதிர்ல இருக்குறவனும் அந்த உதையால விழப்போறதில்ல. ஒருத்தன் தாக்குறத நிறுத்தணும்னா மூளை, தண்டுவடம் பக்கம் அடிபடணும், இல்ல ரத்தம் போயி மயங்கணும், இல்லாட்டி பயந்து அவனா நிறுத்தணும். இதயமே போயிட்டாலும் மூளையில 10-15 செகண்டுக்கு ஆக்சிஜன் மிச்சம் இருக்கும்னு 1989ல எஃப்பிஐ எழுதி வச்சிருக்கு. 15 செகண்டு எவ்வளவு நீளம்னு வாட்சைப் பாத்து எண்ணிப் பாருங்க.

அவங்க அத எழுதுனதுக்கு ஒரு காரணம் இருக்கு. 1986 ஏப்ரல் 11, மியாமில ரெண்டு கொள்ளைக்காரனுங்களோட துப்பாக்கிச் சண்டை. ஒரு எஃப்பிஐ ஏஜெண்ட் சுட்ட 9எம்எம் தோட்டா ஒருத்தனோட கையத் துளைச்சு நெஞ்சுக்குள்ள போயி இதயத்துக்கு ஒரு இன்ச் முன்னாடி நின்னுடுச்சு. அவன் அதுக்கப்புறமும் சண்டை போட்டான், மொத்தத்துல 2 ஏஜெண்ட் செத்தாங்க, 5 பேருக்குக் காயம். தோட்டா மேல பழி போட்டு எஃப்பிஐ இன்னும் பலமான 10எம்எம்முக்குப் போச்சு, உதை தாங்கல, அப்புறம் .40க்கு வந்துச்சு, கடைசில 2014ல அவங்க பயிற்சிப் பிரிவே 9எம்எம் போதும்னு எழுதுச்சு. ஏன்னா இப்ப வர்ற நல்ல 9எம்எம் ஹாலோ பாயிண்ட் (மூக்குல குழி விழுந்த, பட்டதும் விரியுற தோட்டா), சதை மாதிரி ஜெல்லுல சுட்டுப் பாக்குற டெஸ்ட்ல அவங்க கேக்குற 12லருந்து 18 இன்ச் ஆழம் போகுது, ஏஜெண்டுங்களும் அதுல சீக்கிரமாவும் குறி தப்பாமலும் சுடுறாங்க. நிஜச் சண்டைல போலீஸ் சுடுறதுல 100க்கு 20-30தான் படுதுன்னும் அதே அறிக்கைல இருக்கு. தொழிலா பண்றவங்களுக்கே இந்த கதி.

அதுக்காக எந்தத் தோட்டா போட்டாலும் ஒண்ணுதான்னு சொல்ல வரல. ஆழம் போகாத தோட்டா வேஸ்ட். ஆனா ஆழம் போற தோட்டா ஒண்ண எடுத்தாச்சுன்னா, மிச்சக் காசு மொத்தமும் பிராக்டீஸுக்குப் போகணும்.

அந்தத் தம்பியும் குட்டி .40தான், 7 கஜத்துல மாட்டுன பேப்பர் தட்டுல பத்துக்கு மூணு பட்டிருக்கு, மிச்சம் எல்லாம் கீழ இடது பக்கம். "அண்ணே, துப்பாக்கி சைட்டு சரியில்ல போல"ன்னாப்ல. கேட்டுட்டு மேகசின வாங்கி, அவருக்குத் தெரியாம நடுவுல ரெண்டு வெடிக்காத டம்மி ரவுண்டு சொருகிக் குடுத்தேன். மூணாவது தடவை வெறும் 'டிக்'னு சத்தம், வெடிக்கவே இல்ல, ஆனா துப்பாக்கி மூக்கு மட்டும் சடார்னு கீழ குத்துச்சு. உதை வரப்போகுதுன்னு கை முன்னாடியே பயந்து அமுக்குது. அப்புறம் என்னோட 9எம்எம் குடுத்தேன், அரை மணி நேரத்துல பத்துக்கு எட்டு தட்டுல விழுந்துச்சு. அவர் முகத்தைப் பாத்தப்ப எனக்கு என்னோட அந்த ரெண்டு வருஷம்தான் ஞாபகம் வந்துச்சு.

ரேஞ்சுல ஒரு தோட்டா, வீட்டுல வேற தோட்டா

பிராக்டீஸுக்கு 50 இருக்குற பெட்டி, விலை கம்மி, மூக்கு உருண்டையா இருக்கும். வீட்டுக்கு 20 இருக்குற ஹாலோ பாயிண்ட் பெட்டி, விலை ஜாஸ்தி, அதனால ஒண்ணு கூட சுட்டுப் பாக்காம மேகசின்ல போட்டு வச்சுடுறாங்க. சில துப்பாக்கில அந்தக் குழி விழுந்த மூக்கு ஏறவே ஏறாது, சிக்கிக்கும். குறைஞ்சது ரெண்டு பெட்டியாவது உங்க துப்பாக்கிலயே சுட்டுப் பாருங்க.

சுவர் தடுக்கும்ங்கிற நம்பிக்கை

நம்மூரு செங்கல் சுவர் இல்ல இது, ஜிப்சம் போர்டு, தோட்டா துளைச்சுட்டுப் போயிடும். அந்தப் பக்கம் யார் படுத்திருக்காங்க?

எச்-1பி வேலை விசால இருக்கும்போது வாங்குறது

துப்பாக்கி மட்டுமில்ல, தோட்டா வச்சிருந்தாலே ஃபெடரல் குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, வக்கீல் கிட்ட கேக்காம தொடாதீங்க.

குழந்தை இருக்குற வீட்டுல டிராயர்ல துப்பாக்கிய வைக்கிறது

பூட்டு. பேச்சே இல்ல.

ஒரே தோட்டாவ தினமும் கழட்டி மாட்டுறது

ராத்திரி கழட்டி, காலைல அதையே திரும்பச் சேம்பர்ல (குழல்ல தோட்டா உக்கார்ற இடம்) ஏத்துறது. ஒவ்வொரு தடவை மோதும்போதும் முனைல இருக்குற புல்லட் கொஞ்சம் கொஞ்சமா வெடிமருந்து இருக்குற கேஸுக்குள்ள இறங்கும், உள்ள இடம் குறையும், சுடும்போது பிரஷர் ஏறும், துப்பாக்கியே வெடிக்கலாம். பெட்டில இருந்து புதுசு ஒண்ண எடுத்து டேபிள்ல பக்கத்துல நிக்க வச்சுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியுற மாதிரி குட்டையா இருந்தா அத ஓரமா வச்சுட்டு, ரேஞ்சுல வெடிக்காம போன ரவுண்டு போடுற பக்கெட்ல போட்டுடுங்க.