செங்கமாரி இறங்கினால் வருத்தம் மாறிவிட்டதென்று நினைக்காதீர்கள்

வன்னியில் செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை என்றதும் கை முதலில் போவது கீழ்க்காய்நெல்லிக்குத்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் ஈரல் அழற்சி பரவியபோது, மஞ்சளாகிப்போன பலர் சில கிழமைகளில் தாமாகவே தேறியதை எங்கள் சனம் கண்ணால் கண்டது.

ஆனால் ஐம்பது அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு வலியில்லாமல், காய்ச்சலில்லாமல் கண் மஞ்சளாகிறது, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகிறது, மலம் வெளிறுகிறது, உடம்பெல்லாம் கடிக்கிறது. கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுக்கட்டி வளர்ந்து பித்தக் குழாயை நெரித்தால் இப்படித்தான் தொடங்கும். இதற்குப் பத்தியம் இருந்து ஒரு மாதம் போக்குவதுதான் நான் கண்டதில் மிகப் பெரிய தவறு. கண்டுபிடிக்கும் நேரத்தில் ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் கட்டியை வெட்டி எடுக்க முடிகிறது. உடம்பு மெலிந்துகொண்டு போகும்போதே திடீரென்று சீனி வருத்தமும் வந்தால், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு தவறு ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நடக்கிறது. என் சித்தப்பாவின் வீட்டில் நடந்ததும் இதுதான். அடைபட்ட பித்தக் குழாய்க்குள் சின்னக் குழாய் ஒன்றை, அதாவது ஸ்டென்ற் வைத்துவிடுவார்கள். சில நாளில் கண் வெளுக்கும், கடி நிற்கும், பசியும் வரும். "சுகம் வந்திட்டுது" என்று எல்லோருக்கும் சந்தோசம். கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடும். ஆனால் ஸ்டென்ற் பித்தத்துக்கு வழிவிடுகிறதே தவிர, கட்டியைத் தொடுவதில்லை. அது உள்ளே வளர்ந்துகொண்டேயிருக்கும்.

"கத்தி பட்டால் புற்று பரவும்" என்று சொல்லி ஒப்பரேசனுக்கு மறுப்பவர்களும் உண்டு. கட்டி ஏற்கனவே ஈரலுக்கோ பெரிய இரத்தக் குழாய்களுக்கோ போயிருப்பது சில வேளை வயிற்றைத் திறந்த பிறகுதான் தெரியவரும். அதைப் பார்த்தவர்கள் கத்தியைக் குற்றம் சொல்லிவிட்டார்கள். இந்த நோய் முற்றாக மாறுவதற்கு வாய்ப்புத் தருவது ஒப்பரேசன் ஒன்றுதான்.

அதற்காக அது சின்ன வேலையுமல்ல. விப்பிள் சத்திரசிகிச்சையில் கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயின் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு பொருத்துகிறார்கள். பல மணித்தியாலம் பிடிக்கும். இதை அடிக்கடி செய்கிற இடங்களில் உயிரிழப்புக் குறைவு. அதனால் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ எழுதித் தந்தால், "ஏ9 பாதையில் இவ்வளவு தூரமா" என்று தயங்க வேண்டாம். ஒப்பரேசன் நாள் வரும்வரையான இடைவெளியில் சிகரெட், சுருட்டு, சாராயம் எல்லாவற்றையும் நிறுத்தி, தினமும் நடக்கப் பழக்குங்கள். கட்டி கணையத்தின் வால்பகுதியில் என்றால் மண்ணீரலையும் எடுக்க நேரும். அப்படியானால் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் "வயிறு புண்" என்று கஞ்சி மட்டும் கொடுப்பார்கள். இது எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அன்பாலேயே ஆளை மெலிய வைத்துவிடுகிறோம். மீன், முட்டை, பருப்பு எல்லாம் தேவை; கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுங்கள். சாப்பாடு செமிக்க நொதிக் குளிசை தந்திருந்தால், அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு போட்டுப் பலனில்லை. முதல் கவளத்தோடு போட வேண்டும், சுடுதேத்தண்ணியோடு அல்ல, பச்சைத் தண்ணியோடு. மலம் எண்ணெய் பிடித்து மிதந்தால் அளவு போதவில்லை என்று அர்த்தம். அந்தக் குளிசை பன்றிக் கணையத்திலிருந்து செய்வது. சைவக்காரரோ முஸ்லிம்களோ அதை அறிந்து சொல்லாமல் நிறுத்திவிடுவதுண்டு. நிறுத்த முன் டொக்டரோடு பேசுங்கள்.

கட்டியை எடுத்தாயிற்று என்று கீமோ மருந்தை விட்டுவிடுவதும் தவறு. கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிய புற்றுக் கலங்களுக்காகத்தான் அது. அப்புறம், வீட்டுக்கு வந்தபின் குளிரோடு காய்ச்சல், விடாத வாந்தி, திரும்பவும் கண் மஞ்சள், இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது ஒப்பரேசன் விபரம் எழுதிய துண்டைக் கையோடு கொண்டு போங்கள்.